பழைய கார் வாங்கியாச்சு, ரோடு சரியாகத் தெரியவில்லையா?

2009 மாடல் சின்ன கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிய முதல் வாரமே குடும்பத்தோடு விழுப்புரம் போனேன். திரும்பும்போது இரவாகிவிட்டது. திண்டிவனம் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. மீடியனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்னி பஸ் வந்தால் போதும், என் முன் கண்ணாடி முழுக்க மோர் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். பஸ் கடந்து போகும்வரை இடது ஓரத்து வெள்ளைக்கோடுகூடத் தெரியாது. வைப்பர் போகும்போது துடைத்தது, திரும்பும்போது கத்தியது. செங்கல்பட்டு வரை நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை.

ஹெட்லைட்டில் வெளிச்சம் போதவில்லை என்று முடிவுகட்டி, மறுநாளே 100/90 வாட்ஸ் பல்பு வாங்க சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குக் கிளம்பினேன். போகிற வழியில் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. காருக்குள் தலையை விட்டு, முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு விரலால் கோடு இழுத்தார். விரல் நுனி சாம்பல் நிறத்தில் வந்தது. “பல்பு அப்புறம் வாங்கலாம் தம்பி. மொதல்ல இதைத் தொடைங்க” என்றார்.

துடைத்தேன். பாதிப் பிரச்சினை அன்றைக்கே போய்விட்டது. மீதிப் பாதியை அடுத்த இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன், ஒரு முட்டாள்தனத்தோடு சேர்த்து (அது வைப்பர் பகுதியில் வரும்). பழைய கார் வாங்கிய புதிதில் பெரும்பாலானவர்கள் செலவை மேலிருந்து தொடங்குகிறார்கள்: பெரிய பல்பு, புது ஹெட்லைட், புதுக் கண்ணாடி. வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். துணியால் தீர்வது முதலில், ரப்பரால் தீர்வது அடுத்து, ஒயரும் ஸ்பேனரும் அதற்குப் பிறகு, கண்ணாடி மாற்றுவது கடைசியில்.

எப்போது தெரியவில்லை?

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு மூன்று நாள் ஓட்டிப்பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் எதிரே அடிக்கும்போதும், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் படும்போதும் கண்ணாடி மங்கினால் கோளாறு கண்ணாடியில். அழுக்கு, கீறல், பொடிப்பள்ளம் இவற்றில் ஏதோ ஒன்று. எதிரே வண்டியே இல்லாத இருட்டு ரோட்டிலும் தெரியவில்லை என்றால் ஹெட்லைட்டைப் பாருங்கள். மழையில் மட்டும் என்றால் வைப்பர் அல்லது கண்ணாடிமேல் படிந்த எண்ணெய்ப் பசை. மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும்போது மட்டும் என்றால் உள்ளே ஆவி படிகிறது. சந்திப்புகளில் பைக்காரர் திடீரென்று முளைக்கிறார் என்றால் சீட், மிரர், டேஷ்போர்டு மேல் இருக்கும் பொம்மைகள்.

இதில் சீட்டை யாரும் நினைப்பதே இல்லை. பதினைந்து வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து டிரைவர் சீட் ஃபோம் அமுங்கிப் போயிருக்கும். ஸ்டியரிங்கின் மேல் வளையம் ரோட்டை மறைத்தால் நீங்கள் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முஷ்டி அளவு இடம் விட்டு, எவ்வளவு உயரமாக உட்கார முடியுமோ அவ்வளவு நல்லது. தலையணையை மடித்துப் போடாதீர்கள், பிரேக் அடித்தால் வழுக்கும். சீட் கவர் தைக்கும் கடையில் கொடுத்தால் உறையைக் கழற்றிப் புது ஃபோம் வைத்துத் தைத்துத் தருவார்கள்.

உள்பக்கம்: ஒரு மணி நேர வேலை

வெளிப்பக்கத்தை மழையும் வாட்டர் சர்வீஸும் கழுவுகின்றன. உள்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஆவி கண்ணாடியில் மெல்லிய பசையாகப் படிகிறது. அதோடு ஊதுவத்திப் புகை, முந்தைய ஓனர் பிடித்த சிகரெட், டேஷ்போர்டைப் பளபளப்பாக்கப் பூசிய பாலிஷ் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பகலில் இது கண்ணுக்கே தெரியாது. எதிர்வெளிச்சம் பட்டால்தான் பால் மாதிரி விரியும்.

காரை நிழலில் நிறுத்துங்கள். சூடான கண்ணாடியில் எந்த திரவமும் துடைக்கும் முன் காய்ந்து கோடு விடும். மைக்ரோஃபைபர் துணி மூன்று வேண்டும். கண்ணாடி கிளீனரோ, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்ததோ போதும். திரவத்தைத் துணியில் அடியுங்கள், கண்ணாடியில் நேராக அடித்தால் வழிந்து டேஷ்போர்டு இடுக்கில் இறங்கும். முதல் துணி பசையைக் கரைத்து எடுக்க. கறுப்பாக வரும், அசந்துவிடாதீர்கள். இரண்டாவது துணியால் மறுபடி அதே வேலை. மூன்றாவது உலர்ந்த துணியால் துடைத்து முடியுங்கள். உள்பக்கத்தை மேலும் கீழுமாகத் துடையுங்கள், வெளிப்பக்கத்தைக் குறுக்காக. அப்புறம் கோடு ஏதாவது மிஞ்சினால் எந்தப் பக்கத்துக் கோடு என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் அந்தக் குறுகிய மூலைக்குக் கை போகாது. உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, விரல்களின் பின்புறத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் அடி வரை போகும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மூன்று தடவை துடைத்தேன், மூன்றாவது தடவைதான் துணி வெள்ளையாக வந்தது.

இதைச் செய்யும்போதே கண்ணாடி ஓரத்துச் சாமான்களையும் ஒரு பார்வை பாருங்கள். சாமி சிலை ஒன்று இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் மிரரில் தொங்கும் மணிமாலை, டேஷ்போர்டு மேல் விரித்த வெள்ளைத் துண்டு, இரண்டு ஆயுத பூஜைக்கு முந்தைய சந்தனப் பட்டை இவை எல்லாம் ஒவ்வொரு துண்டாக ரோட்டைத் தின்கின்றன. வெள்ளைத் துண்டின் பிம்பம் கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதைப் பகல் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் நடு மிரருக்குப் பின்னால் இருந்தால் மறைப்பு இல்லை.

வெளிப்பக்கம்: கறையா, கீறலா?

போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட கார்களில் வெள்ளை வட்டம் வட்டமாக உப்புக்கறை இருக்கும். லேசான கறை வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் போட்டு வைத்துத் துடைத்தால் போய்விடும். போகாவிட்டால் சீரியம் ஆக்ஸைடு என்ற கண்ணாடி பாலிஷ் பவுடரைத் தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் பேடால் தேய்க்க வேண்டும். டிரில்லில் பேடை மாட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணாடி சூடேறினால் விரிசல் விடும். எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும்.

கீறலுக்கு நகமே அளவுகோல். குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். மாட்டாமல் வழுக்கிப் போனால் பாலிஷுக்கு வழி உண்டு. நகம் மாட்டினால் அதைத் தேய்த்து எடுக்க முயலாதீர்கள். அவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, பார்வைக்கு நேரே ரோடு அலையடிக்கும்.

மூன்றாவது வகை, பொடிப்பள்ளம். நெடுஞ்சாலையில் லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் மணலும் சிறுகல்லும் அடித்து அடித்துக் கண்ணாடி முழுக்க ஊசி முனைப் புள்ளிகள் விழுந்திருக்கும். மாலை வெயிலுக்கு எதிரே நிறுத்தி டிரைவர் சீட்டில் இருந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் மின்னும். இதற்குத் துணியும் இல்லை, பாலிஷும் இல்லை. கண்ணாடி மாற்ற வேண்டியதுதான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.

வைப்பர்

நம் வெயிலுக்கு வைப்பர் ரப்பர் ஒரு வருடத்துக்கு மேல் உழைப்பது அபூர்வம். மழைக்காலம் வரும் முன், புரட்டாசியிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். அளவு டிரைவர் பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என வேறுபடலாம். டேப்பால் அளந்துகொண்டு போங்கள். சில நூறு ரூபாய் செலவு. ஃபிரேம் நன்றாக இருந்தால் ரப்பர் மட்டும் மாற்றித் தரும் கடைகளும் உண்டு.

இப்போது என் முட்டாள்தனம். பழைய பிளேடைக் கழற்றிவிட்டு, வெறும் ஆர்மை நிமிர்த்தி நிறுத்தியபடியே புது பிளேடின் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முழங்கை லேசாகத் தட்டியது. ஸ்பிரிங் ஆர்ம் ‘டப்’ என்று கண்ணாடியில் இறங்கியது. இரும்பு நுனி பட்ட இடத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு. முந்நூறு ரூபாய் வேலை அப்படியே பெரிய வேலையாகிவிட்டது. பிளேடைக் கழற்றும் முன் கண்ணாடிமேல் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

புது பிளேடு போட்டும் ஒரு திசையில் மட்டும் தடதடவென்று குதித்தால் கோளாறு பிளேடில் இல்லை. ரப்பரின் நுனி ஒவ்வொரு வீச்சிலும் மறுபக்கம் மடிந்து, பின்னால் இழுபட்டு வர வேண்டும். ஆர்ம் முறுக்கிக்கொண்டிருந்தால் ரப்பர் ஒரு திசையில் இழுபடும், மறு திசையில் குத்தி நிற்கும். பிளேடைக் கழற்றிவிட்டு ஆர்மை மட்டும் கண்ணாடிமேல் மெதுவாக இறக்கி (துண்டு!), அதன் தட்டையான நுனி கண்ணாடிக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்திருந்தால் துணி சுற்றிய ஸ்பேனரால் கொஞ்சமே கொஞ்சம் முறுக்கிச் சரிசெய்யலாம். இரண்டு பக்கமும் கோடு கோடாகத் தண்ணீர் விட்டுப்போனால் ஆர்ம் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பயந்து பயந்து மெதுவாக ஓடினால் மோட்டாரையும் ஆர்மையும் இணைக்கும் லிங்க்கேஜில் புஷ் காய்ந்திருக்கும், அல்லது மோட்டாருக்கு எர்த் (மின்சாரம் பாடி வழியே திரும்பும் இணைப்பு) சரியில்லை. கிரீஸ் வைத்து, எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கிப் பார்த்துவிட்டு அதன் பிறகு மோட்டார் விலை கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய மோட்டார் கிடைக்கும் என்று கிளம்பும் முன் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழியுங்கள்.

தண்ணீர் பீச்சாத வாஷரில் பெரும்பாலும் நாசில் அடைப்புதான். சுவிட்சை அழுத்தினால் மோட்டார் சத்தம் கேட்கிறதா? கேட்டால் குண்டூசியால் நாசிலைக் குத்திவிடுங்கள். அப்போதும் வராவிட்டால் பானட்டுக்கு அடியில் ஓடும் மெல்லிய டியூப் கழன்றிருக்கும். டாங்கியில் நல்ல தண்ணீரோடு சில சொட்டு ஷாம்பு போதும், பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், காய்ந்தால் படலம் விடும். காய்ந்த தூசிமேல் ஒருபோதும் வைப்பரைப் போடாதீர்கள். கண்ணாடியில் இருக்கும் வில் வடிவக் கீறல்கள் எல்லாம் அப்படி வந்தவையே.

பழைய லாரி டிரைவர்கள் வைப்பர் ஓடாதபோது புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவும், ஓரளவு பார்வை கிடைக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் பஸ் ஸ்டாண்டு வரை வந்து சேர உதவும். அதற்குமேல் நம்ப வேண்டாம்.

ஆவி படிந்தால்

முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள், ஆவி உள்ளேயா வெளியேயா? இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர்.

உள்ளே என்றால் நம் மூச்சும் நனைந்த சட்டையும் விட்ட ஈரம். ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். மழையில் வெளிக்காற்று ஈரமாயிற்றே என்று தோன்றும். ஏ.சி. அந்த ஈரத்தைப் பிழிந்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பும். காற்று ரொம்பக் குளிர்ந்தால் ஹீட்டர் குமிழைக் கொஞ்சம் திருப்புங்கள். ஏ.சி. வேலை செய்யாத காரில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கி, புளோயரை வேகமாக வையுங்கள்.

வெளியே படிந்தால் நிலைமை வேறு. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரப் புழுக்கத்தில் ஏ.சி. காற்று கண்ணாடியைக் குளிரவைக்க, வெளியே இருக்கும் ஈரம் அதில் வேர்த்து நிற்கும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வேர்ப்பது போல. ஒரு தடவை வைப்பரைப் போட்டுவிட்டு, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்புங்கள்.

வெயில் நாளில்கூட உள்ளே ஆவி படிகிறது என்றால் காருக்குள் எங்கோ தண்ணீர் நிற்கிறது. கால்மிதியைத் தூக்கி, அடியிலிருக்கும் கார்ப்பெட்டை டிஷ்யூ பேப்பரால் அழுத்துங்கள். இடது பக்கம் நனைந்திருந்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வேப்பிலையும் புங்க இலையும் மக்கி வடிகால் அடைபட்டாலும் தண்ணீர் உள்ளே வரும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் அதை மாதம் ஒரு தரம் அள்ளிவிட வேண்டும். படிகிற ஆவி எண்ணெய்ப் பசையாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் அது தண்ணீரே இல்லை, ஹீட்டர் கோர் (சூடான கூலண்ட் ஓடி உள்காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) கசிந்து கூலண்ட் ஆவியாகிறது. துடைக்கத் துடைக்க வரும். நம் ஊர் மெக்கானிக்குகள் ஹீட்டர் ஹோஸை பைபாஸ் செய்துவிடுவார்கள். சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும். ஊட்டி, கொடைக்கானல் அடிக்கடி போகிறவர்கள் கோரையே மாற்றுவது நல்லது.

ஹெட்லைட்: பல்பைக் கடைசியில் தொடுங்கள்

பழைய அம்பாசடர் காலத்து ஹெட்லைட்டில் முன்முகம் கண்ணாடி, மஞ்சளாகாது. இப்போது வரும் முகம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் உள்ள பாதுகாப்புப் பூச்சை வெயிலின் புற ஊதாக்கதிர் தின்றுவிட்டால் மஞ்சள் படிந்து புகைமூட்டமாகிவிடும். பல்பு எவ்வளவு எரிந்தாலும் வெளிச்சம் அந்த மஞ்சளிலேயே சிதறும்.

டூத்பேஸ்ட் வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். அது ஒரு மாதப் பளபளப்பு. சரியாகச் செய்ய வேண்டும் என்றால் சுற்றியுள்ள பெயின்ட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, 800 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தொடங்குங்கள். தாளின் தண்ணீர் முதலில் மஞ்சளாக வழியும், பிறகு வெள்ளையாகும். வெள்ளையானதும் 1500, அப்புறம் 2000, முடிந்தால் 3000. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், முந்தைய கோடு மறைந்ததா என்று தெரியும். இந்தக் கட்டத்தில் லைட் முன்பைவிட மோசமாக, தேய்த்த பாட்டில் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், பாலிஷ் கிரீம் போட்டுத் தேய்த்ததும் தெளியும். கடைசியில் யு.வி. தாங்கும் கிளியர் கோட் அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் பழைய கதை திரும்பும். கடையில் பாலிஷ் போடக் கொடுத்தாலும் “கிளியர் கோட் உண்டா?” என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளி ரிஃப்ளெக்டரே கறுத்து உரிந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, முழு செட்டை மாற்ற வேண்டும்.

அடுத்து மின்சாரம். நம் சின்ன கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 பல்பு: டிம்முக்கு 55 வாட்ஸ், பிரைட்டுக்கு 60. பிரைட்டில் இரண்டு பக்கப் பல்பும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ரிலே (சுவிட்சுக்குப் பதிலாகப் பெரிய மின்சாரத்தைத் தான் கடத்தும் சின்னப் பெட்டி) இல்லாத பழைய காரில் அவ்வளவும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவும், துருவேறிய இணைப்புகள் வழியாகவும் போக வேண்டும். வழியில் வோல்ட் குறையும். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள், 13.5-க்கு மேல் 14.5-க்குள் இருக்கும். அதே நேரம் பல்பின் பின்முனையில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. என் காரில் இரண்டு வோல்ட் காணவில்லை. இடது லைட்டின் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடம் துருப்பிடித்துப் பச்சையாகிக் கிடந்தது. அதைச் சுரண்டி, அண்ணன் ஒரு ரிலே செட்டும் மாட்டினார். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தடித்த ஒயர் நேராகப் பல்புக்கு, சுவிட்சின் வேலை ரிலேயைத் தட்டிவிடுவது மட்டும். அதே பழைய 60/55 பல்புதான், புதுசு மாதிரி எரிந்தது.

இதை விட்டுவிட்டு 100/90 போட்டால் ஏற்கனவே திணறும் ஒயர் இன்னும் சூடாகும், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். எச்4 ஹவுசிங்கில் மலிவு எல்.இ.டி. பல்பைத் திணித்தால் ஒளி வர வேண்டிய புள்ளி மாறி, பக்கத்தில் பளீரென்றும் தூரத்தில் இருட்டாகவும் இருக்கும், எதிரே வருகிறவர் கண் கூசும். ஹாலஜன் பல்பை மாற்றும்போது கண்ணாடிக் குமிழை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

கடைசியாக டார்கெட், அதாவது வெளிச்சம் சரியான இடத்தில் விழுகிறதா என்பது. டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், உள்ளே ஹெட்லைட் உயரக் குமிழ் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். சமதரையில் ஒரு சுவரை ஒட்டி நிறுத்தி, ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். பத்து மீட்டர் பின்னால் வந்து டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் குறியைவிட சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும், இடது பக்கம் மட்டும் சற்று மேலேறிப் போக வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஓரத்தில் நடக்கிறவரைக் காட்டத்தான் அந்த ஏற்றம். லைட்டின் பின்னால் இருக்கும் ஸ்குரூவைத் திருப்பி இதை வீட்டிலேயே செய்யலாம்.

கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால்

என் நட்சத்திர விரிசலுக்கு வருவோம். முன் கண்ணாடி லேமினேட்டட் வகை, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். அதனால் விரிசல் வெளித்தகட்டோடு நின்றுவிட வாய்ப்பு உண்டு. நாணயத்தைவிடச் சிறியதாக, டிரைவர் பார்வைக்கு நேரே இல்லாமல், ஓரத்தைத் தொடாமல் இருந்தால் ரெசின் ஏற்றி அடைக்கலாம். தூசியும் தண்ணீரும் இறங்கும் முன் செய்ய வேண்டும், அதுவரை ஒரு செல்லோடேப்பை ஒட்டிவையுங்கள். நான் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று இரண்டு வாரம் விட்டேன். ஒரு நாள் மத்தியான வெயிலில் நின்ற காரில் ஏ.சி.யை முழுக்கத் திருப்பிக் கண்ணாடிக்கு விட்டதும் விரிசல் என் கண்ணெதிரே நீண்டு ஓரம் வரை போனது.

முழு இன்சூரன்ஸ் இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ஆனால் கிளெய்ம் போட்டால் அடுத்த வருட நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்கான பிரீமியம் தள்ளுபடி) போகலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் கைக்காசுதான்.

ஆம்னி, அம்பாசடர் மாதிரி பழைய வண்டிகளில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடியோடு பீடிங்கையும் மாற்றிவிடுங்கள். பிந்தைய கார்களில் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கண்ணாடி மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் லேமினேட்டட் என்ற குறிப்பும் இருக்கிறதா. இரண்டு, பழைய கண்ணாடியை எடுத்ததும் ஃபிரேமில் துரு இருந்தால் அதைச் சுரண்டிப் பிரைமர் அடிக்கிறார்களா. மூன்றாவதுதான் யாரும் சொல்லாதது: இரண்டு பேரை அந்தப் புதுக் கண்ணாடியை இடத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்து தலையை இட வலமாக அசைத்துத் தூரத்து கரண்டு கம்பத்தைப் பாருங்கள். கம்பம் நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பசை வைத்த பிறகு யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். ஒட்டிய பின் எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று கேட்டு, அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். அன்று முழுக்க ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள், கதவை அடித்துச் சாத்தும்போது உள்காற்று புதுப் பசையைத் தள்ளிவிடும்.

ஃபிலிமும் மிரரும்

முந்தைய ஓனர் ஒட்டிய கறுப்பு ஃபிலிம் ஊதா நிறமாகிக் கொப்புளித்திருந்தால் உரித்துவிடுங்கள். முன், பின் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடையும் போட்டது. ஹேர் டிரையரால் சூடாக்கி மூலையிலிருந்து மெதுவாக உரிக்கலாம். பின் கண்ணாடியில் ஆவி போக்கும் டீஃபாகர் கோடுகள் இருந்தால் பிளேடைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

பழைய அடிப்படை மாடல்களில் இடது பக்க மிரரே இருக்காது. முதல் செலவாக அதை மாட்டுங்கள். மிரரை வைக்கும் விதம்: தலையை வலது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுமளவு சாய்த்துக்கொண்டு, வலது மிரரில் காரின் பக்கவாட்டு மயிரிழையாகத் தெரியும்படி திருப்புங்கள். அப்புறம் தலையைக் காரின் நடுவுக்குச் சாய்த்து இடது மிரரையும் அதே போல. நேராக உட்கார்ந்தால் உங்கள் காரே மிரரில் தெரியாது, முதல் இரண்டு நாள் கையொடிந்த மாதிரி இருக்கும். ஆனால் உள் மிரரை விட்டு நகரும் பைக் உடனே சைடு மிரரில் வந்து நிற்பதைப் பார்த்தால் பழகிவிடும்.

இவ்வளவும் முடித்து மறுபடி அதே திண்டிவனம் ரோட்டில் இரவில் ஓட்டினேன். ரோடு தெரிந்தது, வெள்ளைக்கோடு தெரிந்தது. ஆனாலும் எதிர்விளக்குகளைச் சுற்றி மெல்லிய வட்டம் ஒன்று மிஞ்சியது. பக்கத்தில் இருந்த மனைவியிடம் கேட்டேன், அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. மறுவாரம் கண் டாக்டரிடம் போனதில் என் பவர் மாறி மூன்று வருடமாகியிருந்தது தெரிந்தது.